மிக்கோன் கல்லைப் படித்த நாள்

மிக்கோன் என்றால் எங்கள் பேச்சில் சின்னவன் என்று பொருள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அது. தொண்டையைப் பார்த்திருந்தால் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். பெத்ரா மலைச்சரிவில் நின்றுகொண்டு அவன் தன் ஆடுகளைக் கூப்பிட்டால், கீழே கடலில் வலை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் கரையில் ஏதோ விபரீதம் என்று நினைத்துப் படகைத் திருப்பிவிடுவார்கள். ஆடுகள் அதற்கப்புறம்தான் வந்து சேரும். அவனுக்கு ரகசியம் பேச வராது. இழவு வீட்டில் அவனை அழவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தக் குரல்தான் அவனுக்குப் பெண்டாட்டியையும் கொண்டுவந்தது. ஒரு வசந்த காலத்தில், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம், அக்தேக்காரர்களின் செவலைக் காளை ஒன்று இடிந்துகொண்டிருந்த பாறை விளிம்பில் நிற்பதைப் பார்த்தான். பெத்ராவுக்கும் அக்தேக்கும் ஊற்றுத் தண்ணீர் விஷயமாக மூன்று தலைமுறைப் பகை. பகையாவது ஒன்றாவது, மாடு மாடுதானே!

"அக்தேக்காரங்களே! உங்க செவலைக் காளை விளிம்புல நிக்குது, ஓடி வாங்க!"

ஊரே வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தது. காளை பிழைத்தது. இரண்டு நாள் கழித்து, மெலிட்டா என்ற பெண் ஒருத்தி அக்தேயிலிருந்து மூச்சு வாங்க மேடேறி அவன் முன்னால் வந்து நின்றாள். காளை அவள் அப்பாவுடையது.

"கத்துனவன் யாருன்னு பாக்கலாம்னு வந்தேன். நீதானா? இந்த உடம்புக்குள்ள அதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

மிக்கோன் தன் தண்ணீர்க் குடுக்கையை அவளிடம் நீட்டினான். அடுத்த அறுவடைக்குள் கல்யாணம் முடிந்தது. விருந்துக்கு வந்த இரண்டு ஊர் ஆண்களும் போர்வைக்குள் கத்தியை வைத்துக்கொண்டுதான் அத்திப்பழம் சாப்பிட்டார்கள்.

அப்போது தீவின் இந்தப் பக்கத்தில் மூன்று ஊர்கள் இருந்தன. மலைமேல் பெத்ரா, கடலோரம் அக்தே, நடுவில் நல்ல வயல்களோடு ஸ்கீனோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டுக்குக் கொஞ்சம் குதிரைகள், அதன் பேச்சுக்குத் தலையாட்ட மற்ற எல்லாரும். மூன்றில் பெரிய வீடு ஸ்கீனோவின் எகிலாஸுடையது. எகிலாஸ் உயரமான மனிதர், நல்ல சண்டைக்காரர். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்துப் பேசுவார்.

மிக்கோனுக்கு இருபத்தேழு வயதாகும்போது கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முனைக்கு அந்தப்பக்கமிருந்து மூன்று நீளக் கப்பல்கள், பாயைச் சுருட்டிவிட்டு, துடுப்பால் சத்தமில்லாமல் வருவதை மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவன்தான் முதலில் கண்டான். முந்தைய தலைமுறையில் இப்படித்தான் வந்து அக்தேயின் பெண்களில் பாதிப்பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு பெத்ரா மேலேயிருந்து வேடிக்கை பார்த்தது.

மிக்கோன் பாறைமேல் ஏறினான். கையைக் குவித்துக்கொண்டான்.

"கப்பல்! மூணு கப்பல்! அக்தே கரைக்கு வருது! பெத்ரா, இறங்கு! ஸ்கீனோ, ஓடி வா! எல்லாரும் வாங்கடா!"

மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் ஒரே குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்க நேரமில்லாததால் எல்லாரும் ஓடினார்கள். கரையில் வந்து பார்த்தால், கேடயம் வைத்திருந்தவன் எல்லாம் வரிசையில் நிற்கிறான், பக்கத்தில் நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்க நேரமில்லை. கேடயம் இடக்கையில் இருக்கும், அது பாதி நம்மை மறைக்கும், மீதி பாதி இடப்பக்கத்துக்காரனை மறைக்கும். பெத்ராக்காரன் கேடயத்துக்குப் பின்னால் அக்தேக்காரன் உயிர் பிழைத்தான். எகிலாஸ் குதிரையில் வந்தார், சரளைக் கரையில் குதிரை வழுக்கியது, இறங்கி வரிசையில் நின்றார். அவருடைய வலப்பக்கம் நின்றவன் ஒரு தோல் பதனிடுகிறவன். அவன் கேடயம்தான் அன்று அவரைக் காப்பாற்றியது.

கொள்ளைக்காரர்கள் ஒரு கப்பலை விட்டுவிட்டு ஓடினார்கள். மலையிலிருந்து கையில் வெறும் தடியோடு இறங்கி வந்த மிக்கோனுக்கு, அவர்கள் போட்டுவிட்டு ஓடிய கேடயம் ஒன்று கிடைத்தது. வெண்கல விளிம்பு, நடுவில் சேவல் படம். அவன் அதைத் தூக்கிப் பார்த்தான், தோளில் மாட்டிப் பார்த்தான், கழற்ற மனமில்லாமல் சாயங்காலம் வரை அதோடேயே திரிந்தான்.

அன்று கரையிலேயே ஆடு அறுத்து, மூன்று ஊரும் சேர்ந்து சாப்பிட்டது. ஒயினில் தண்ணீர் கலக்கும்போது யாரோ சொன்னார்கள்: "நாம ஏன் ஒரே ஊரா இருக்கக் கூடாது?" முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. மதில் எங்கே, சந்தைத் திடல் எங்கே, கோயில் எங்கே, ஊருக்கு என்ன பெயர். பெத்ரா என்று வைத்தால் அக்தே போய்விடும், அக்தே என்று வைத்தால் ஸ்கீனோ போய்விடும். கடைசியில் மூன்று ஊர் என்று பொருள்படத் திரிகோமை என்று வைத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஊற்று மேட்டில்தான் நகரம் எழுந்தது. மூன்று ஊர் அடுப்பிலிருந்தும் மண்சட்டியில் நெருப்பு கொண்டுவந்து, ஹெஸ்தியா தேவியின் பொது அடுப்பில் கொட்டினார்கள். மூன்று தழலும் ஒன்றாய்ச் சேர்ந்து எழும்பியபோது மிக்கோன் தன்னை மறந்து ஒரு சத்தம் போட்டான். பலிக்கு நின்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கேடயம் உள்ளவனுக்குச் சபையில் இடம் என்று முடிவாயிற்று. ஆடு மேய்த்து, அரைக் காணி உழுது பிழைத்த மிக்கோனுக்குச் சேவல் கேடயத்தால் இடம் கிடைத்தது. மெலிட்டாவுக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்குக் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியேதான் இடம்.

"கப்பல் வந்தா எங்களைத்தானே தூக்கிட்டுப் போவான்? அப்ப பேச்சுல மட்டும் நாங்க ஏன் வெளியே?" என்று அவள் கேட்டாள்.

மிக்கோன் சேவல் கேடயத்தைத் திருப்பி வைத்து, அதன் வாரை இறுக்கினான்.

நகரத்துக்கு ஒரு கட்டியக்காரன் வேண்டியிருந்தது. சபையைக் கூட்ட, தலைவர் சொல்வதைக் கடைசி வரிசை வரை எடுத்துச் சொல்ல, வேற்றூருக்குத் தூது போக. எகிலாஸ் தன் தங்கை மகனைச் சொன்னார். பாட்டெல்லாம் கற்ற பையன். தேன் மாதிரிக் குரல். அன்று வடக்குக் காற்று. அவன் திடலில் நின்று ஒரு செய்தியைச் சொன்னான். முதல் மூன்று வரிசை தலையாட்டியது. பின்னாலிருந்தவர்கள் "என்னப்பா சொல்றான்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரே கூச்சல்.

"உக்காருங்க!" என்றான் மிக்கோன்.

அத்தனை பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். எகிலாஸும் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. ஒலிவ மரக் கோலை அவன் கையில் கொடுத்தார்கள். கோல் கையில் இருக்கும்போது அவனை யாரும் தொடக்கூடாது. பதிலுக்கு அவனும் தன் சொந்தக் கருத்து எதையும் சொல்லக்கூடாது. தலைவர் வாய், அவன் தொண்டை. அவ்வளவுதான்.

முதல் ஆண்டுத்தலைவர் எகிலாஸ். இரண்டாம் ஆண்டும் அவரே. மூன்றாம் ஆண்டும். ஏனென்றால் சட்டமெல்லாம் அவர் நினைவில் இருந்தது. அவருடைய ஆள் அடுத்தவன் வேலியை உடைத்தால் சட்டம் ஒரு ஆடு அபராதம் கேட்கும். அக்தேக்காரன் உடைத்தால் அதே சட்டம் ஒரு மாடு கேட்கும். தீர்ப்பை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டியவன் மிக்கோன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாற்கோதுமைக் கஞ்சி இறங்காது.

"நேத்து ஒரு ஆடு, இன்னிக்கு ஒரு மாடு. உன் வாயாலதான் சொன்ன," என்பாள் மெலிட்டா.

"என் வாய் இல்லடி அது. கோலோட வாய்."

"கோலுக்கு வெட்கமா இருக்காதா?"

நான்காம் ஆண்டு சபை பொங்கிவிட்டது. எழுது, எழுது என்று கத்தினார்கள். சட்டத்தைக் கல்லில் எழுது, எல்லாருக்கும் ஒன்றாய் இருக்கட்டும்! ஆறு நாள் வாதம். தலைவர் பதவி எத்தனை காலம், திரும்ப வரலாமா, எப்போது வரலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை. எகிலாஸ் எதிர்ப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு, "எழுதுங்க," என்றார். ஊரில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் அவருடைய கணக்குப்பிள்ளை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

நக்ஸோஸ் தீவிலிருந்து ஆலிப்போஸ் என்ற கல்தச்சன் வந்தான். மிக்கோனைவிடப் பத்து வயது சின்னவன், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பான். அப்போலோ கோயில் வாசலில் ஆளுயரக் கல்லை நிறுத்தினார்கள். சபை முடிவு செய்த வாசகத்தைக் கட்டியக்காரன் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும், ஆலிப்போஸ் வெட்ட வேண்டும்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுய்யா, உளி குதிக்குது!" என்று அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

பத்தொன்பது நாள் அந்த வேலை நடந்தது. மத்தியானச் சாப்பாடு மெலிட்டா கொண்டுவந்தாள்: கோதுமை அடை, உப்பிட்ட ஒலிவக்காய், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. சும்மா கொடுக்கவில்லை.

"தம்பி, இந்தப் பானை கவுந்த மாதிரி இருக்கே, அது என்ன எழுத்து? சொன்னாத்தான் அடை."

ஆலிப்போஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான். அவன் அடைக்கு ஏங்கும் ஆள். ஒரு அடைக்கு ஒரு எழுத்து. எழுத்துகள் இருபத்துச்சொச்சம்தான். மெலிட்டா எட்டே நாளில் பிடித்துக்கொண்டாள். மிக்கோன் தடுமாறினான். எழுத்து தெரிந்தால் வரி புரியவில்லை. முதல் வரி வலமிருந்து இடம் போனது, அடுத்த வரி இடமிருந்து வலம் வந்தது, அதற்கேற்ப எழுத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது என்னடா, குடிச்சிட்டு நடக்குற மாதிரி?"

"நீ ஏர் ஓட்டினதே இல்லையா?" என்று எரிந்து விழுந்தான் ஆலிப்போஸ். "ஒரு சால் முடிஞ்சதும் மாட்டை என்ன பண்ணுவ? மறுபடி ஆரம்பத்துக்குத் தூக்கிட்டா போவ? திருப்பித்தானே ஓட்டுவ? அப்படித்தான் எழுத்தும்."

மிக்கோன் கல்லைப் பார்த்தான். சட்டென்று அது வயலாகிவிட்டது. மேலிருந்து கீழ்வரை உழவு சால்கள். ஒவ்வொரு சாலின் முடிவிலும் மாடு திரும்புகிறது! அவன் கல்முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலால் தடவிக்கொண்டே, உதடு மட்டும் அசைய, முதன்முதலாக ஒரு முழு வரியைப் படித்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஓடினான். முப்பத்துமூன்று வயது ஆள், கையில் அரசாங்கக் கோலோடு, குதித்துக் குதித்து ஓடுவதைப் பார்த்து ஊர் சிரித்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே கேட்டுவிடுமே! படித்த வித்தையை மெலிட்டாவும் அவனும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆலிப்போஸ் கூலியை வாங்கிக்கொண்டு நக்ஸோஸுக்குக் கப்பலேறினான்.

கல் நடுவதற்கு முந்தைய ஆண்டுகளைக் கணக்கில் எடுக்காமல், புதுச் சட்டப்படி முதல் ஆண்டுக்கும் எகிலாஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு முடிந்தது.

முடிந்த அன்று சபை கூடியது. காலை நேரம், ஒலிவப் பூ உதிரும் பருவம். பதவிக்கு அடையாளமான மிர்ட்டல் இலைக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எகிலாஸ் கல்லிருக்கையில் உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றி பலிபீடத்தின்மேல் வைக்க வேண்டிய நாள் அது. அவர் கழற்றவில்லை.

"எதிர்க்கரையில கப்பல் கட்டுறாங்கன்னு சேதி வந்திருக்கு," என்றார், மலையைப் பார்த்து. "இந்த நேரத்துல புது ஆள் வேணாம். நானே இருக்கேன்."

முணுமுணுப்பு எழுந்தது. ஒரு அக்தேக்காரர் எழுந்தார். "சட்டம் இருக்கு ஐயா. திரும்ப வரக்கூடாதுன்னு எழுதியிருக்கோம்."

"எழுதியிருக்கோம். என்னன்னு எழுதியிருக்கோம்? படிச்சுப் பாப்போமே."

கணக்குப்பிள்ளை கல்லருகே போனான். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்: "ஒருவர் ஆண்டுத்தலைவராக இருந்துவிட்டால் ஏழு ஆண்டுகளுக்கு மறுபடி தலைவராகக் கூடாது, நகரத்துக்கு ஆபத்து நேர்ந்தால் தவிர."

சபை குழம்பிப் போனது. அப்படி ஒரு யோசனையையும் அந்த ஆறு நாளில் யாரோ சொன்னது நிஜம். அது விழுந்ததா, நின்றதா? ஒருவர் விழுந்தது என்றார், ஒருவர் நின்றது என்றார். ஆறு நாள் கத்தியதில் ஆளுக்கு ஒரு சட்டம் நினைவில் தங்கியிருந்தது.

"கட்டியக்காரா, கடைசி வரிசை வரைக்கும் கேக்கட்டும். சொல்லு," என்றார் எகிலாஸ்.

மிக்கோன் கோலை ஊன்றி எழுந்தான். வாயைத் திறந்தான். அந்த வாசகத்தைக் கல்தச்சனுக்கு ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னவன் அவன். 'தவிர' என்ற சொல்லை அவன் சொல்லவே இல்லை. ஆனால் தலைவர் வாய், அவன் தொண்டை. தீவு முழுக்கக் கேட்ட குரல், நாக்கின் அடியிலேயே நின்றுவிட்டது.

"என்ன, தொண்டை அடைச்சுக்கிச்சா?" என்றார் எகிலாஸ்.

மிக்கோன் குனிந்தான். கையிலிருந்த கோலைத் தரையில் வைத்தான். இனி அவனை யார் வேண்டுமானாலும் தொடலாம், அடிக்கலாம். நேரே கல்லை நோக்கி நடந்தான், கணக்குப்பிள்ளையைத் தோளால் தள்ளினான், கல்லின் கடைசிச் சட்டமான தலைவர் சட்டத்தின் முதல் எழுத்தில் விரலை வைத்தான்.

"இது நகரம் முடிவு செய்தது," என்று தொடங்கியது குரல். "ஒருவர் ஆண்டுத்தலைவராக இருந்துவிட்டால், ஏழு ஆண்டுகளுக்கு அவரே மறுபடி தலைவராகக் கூடாது. மீறித் தலைவரானால், அவர் சொல்லும் தீர்ப்பு செல்லாது." விரல் அடுத்த சாலுக்குத் திரும்பியது. "அவர் வாழும்வரை எந்தப் பதவிக்கும் ஆகாதவர். இது எல்லாருக்கும் பொது." விரல் கல்லின் ஓரத்தைத் தொட்டது. "அவ்வளவுதான். இதுக்கு மேல கல்லு வெறுமையா இருக்கு!"

திடல் அதிர்ந்தது. பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். எகிலாஸின் ஆட்களும் எழுந்தார்கள், கை இடுப்புக்குப் போயிற்று. எகிலாஸ் மட்டும் அசையாமல் சிரித்தார்.

"ஆடு மேய்க்கிறவன் படிக்கிறானாம்! தச்சனுக்கு இவன்தானே சொல்லிக்கொடுத்தான்? தனக்குத் தோணினதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறான். விரலை வச்சா படிப்பா?"

அதிலும் நியாயம் இருப்பதாகச் சிலருக்குப் பட்டது. அந்த அக்தேக்காரர்தான் வழி சொன்னார். "சோதிச்சிட்டாப் போச்சு. உங்க ஆளு மண்ணுல ஏதாவது எழுதட்டும். என்ன எழுதினான்னு முன்கூட்டியே உங்க காதுல மட்டும் சொல்லட்டும். மிக்கோன் படிக்கட்டும். படிச்சிட்டா கல்லு சொன்னது சட்டம்."

"படிக்கலைன்னா?"

"படிக்கலைன்னா நீங்க இருங்க."

மிக்கோனைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளை எகிலாஸ் காதில் ஏதோ சொன்னான், அவர் உதட்டோரம் துடித்தது. குச்சியால் தூசியில் இரண்டு வரி எழுதினான். பார்த்தவர்களுக்குக் கோழி கிளறியது போலத்தான் இருந்தது.

மிக்கோன் திரும்பினான். முட்டி போட்டு உட்கார்ந்தான். முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. கல்லில் ஆழமாக நின்ற எழுத்துகள் மண்ணில் சரிந்து கிடந்தன.

"மி… மிக்… மிக்கோன்!" அவன் நிமிர்ந்தான். "மிக்கோன் ஒரு…"

இரண்டாம் வரிக்குப் போனான். முதல் எழுத்து எதுவோ போலிருந்தது. அடுத்தது அதோடு ஒட்டவில்லை. மறுபடி ஆரம்பித்தான். ஒரு சொல்லும் அமையவில்லை. வேர்வை மூக்கிலிருந்து தூசியில் சொட்டியது. எகிலாஸ் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார்.

கயிற்றுக்கு வெளியே பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"மாடு திரும்பிடுச்சுய்யா! நீ ஏன் நேராவே போற?"

"சபையில பொம்பளை பேசுறா!" என்று எகிலாஸின் ஆள் ஒருவன் குதித்தான்.

"சபையைப் பத்தியா பேசினா? மாட்டைப் பத்தித்தானே பேசினா!" என்றான் பின்வரிசையில் ஒருவன். திடல் சிரித்தது.

அதற்குள் மிக்கோன் எழுந்து வரியின் மறுமுனைக்கு ஓடியிருந்தான். அங்கே குந்தினான். இப்போது எழுத்துகள் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தன. விரல் நகர்ந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவி, காது வரை போயிற்று. எழுந்து நின்றான். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான்.

"மிக்கோன் ஒரு கிழட்டுக் கிடா!"

துறைமுகத்தில் பாய்மரத்தில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எழுந்து பறந்தன. எல்லாரும் எகிலாஸைப் பார்த்தார்கள். அவர் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பிறகு எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பும் ஆரவாரமும் எங்கள் திடலில் அதற்கு முன் கேட்டதில்லை. "கிடா! கிடா!" என்று கேடயத்தில் தட்டிக்கொண்டு கத்தினார்கள். எகிலாஸின் ஆட்களில் பாதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கணக்குப்பிள்ளை கோயிலுக்குள் ஓடி, பலிபீடத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தான்.

எகிலாஸ் அன்று மலையைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார், பிறகு சுற்றியிருந்த கேடயங்களைப் பார்த்தார். எழுந்து கிரீடத்தைக் கழற்றிப் பலிபீடத்தின்மேல் வைத்தார். நடந்து போய், ஸ்கீனோக்காரர்களோடு தரையில் உட்கார்ந்தார். தோல் பதனிடுகிறவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

சோதனைக்கு யோசனை சொன்ன அந்த அக்தேக்காரரையே கை தூக்கித் தலைவராக்கினார்கள். படகு வைத்திருந்தவர், கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. மீன் வாசம் போகாத கையால் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டார். அவர் முதலில் செய்த காரியம், தரையில் கிடந்த ஒலிவக் கோலை எடுத்து மிக்கோனிடம் நீட்டியது.

"கோலைக் கீழ வச்சது தப்பு. அதுக்கு அபராதம் உண்டு," என்றார்.

"கட்டுறேன் ஐயா," என்றான் மிக்கோன்.

"என்ன அபராதம்னு கல்லுல இல்லையே. அதனால கிடையாது. அடுத்த தடவை எழுதி வைப்போம். இப்ப என் பேரைச் சொல்லு, என் ஊர்க்காரங்க துறைமுகத்துல காத்திருக்காங்க."

அன்று வீட்டு வாசலில் மெலிட்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "பத்தொன்பது நாள் அடை சுட்டேன். மண்ணுல ரெண்டு வரி, அதுல மாடு திரும்புறது தெரியலையா உனக்கு?"

"பயத்துல மறந்துட்டேன்டி."

"நான் மட்டும் கயித்துக்கு உள்ள இருந்திருந்தா நானே படிச்சிருப்பேன். உன்னைவிட வேகமா." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எழுத்து ஒரு காய்ச்சலைப் போல ஊரைப் பிடித்துக்கொண்டது. மெலிட்டா திடலின் ஓரத்தில் அடை விற்றாள். வாங்க வந்தவனிடம் தட்டின் விளிம்பில் கீறியிருக்கும் சொல்லைப் படிக்கச் சொல்வாள். படித்தால் ஒலிவக்காய் இரண்டு கூட. எகிலாஸ் ஏழு ஆண்டு காத்திருந்தார். எட்டாம் ஆண்டு சபையில் எழுந்து நின்று முறையாகக் கேட்டார், தேர்ந்தெடுத்தார்கள், முறையாக ஆண்டார், முறையாக இறங்கினார். மதிலின் வடக்கு வாசல் அந்த ஆண்டு கட்டியதுதான்.

மிக்கோன் இருபத்தாறு ஆண்டுகள் கட்டியக்காரனாக இருந்தான். மூன்று தீவுகளுக்குத் தூது போனான். பிறகு ஒரு குளிர்காலக் காய்ச்சலில் குரல் போயிற்று. உயிர் திரும்பியது, குரல் திரும்பவில்லை. கரகரவென்று ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது. கோலைச் சபையில் ஒப்படைத்தபோது சிலர் அழுதார்கள். அவன் அழவில்லை. சேவல் கேடயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெத்ராக்காரர்களோடு தரையில் உட்கார்ந்தான்.

புதுக் கட்டியக்காரன் எழுந்து, ஒவ்வொரு சபையின் தொடக்கத்திலும் கேட்பதைக் கேட்டான்: "நகரத்துக்கு நல்லது சொல்ல விரும்புகிறவர் யார்?"

இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கேள்வியைக் கேட்டவன் மிக்கோன். கேட்டவன் பதில் சொல்லக்கூடாது. இப்போது கோல் இல்லை. கை தானாகவே மேலே போயிற்று.

அந்தக் கரகரப்பு எட்டாது என்பதால் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து கிட்டே வந்து உட்கார்ந்தார்கள்.

"ஊத்துக்குப் போற வழி செங்குத்து," என்றான் மிக்கோன். "குடத்தைத் தூக்கிட்டு மழைக்காலத்துல பொம்பளைங்க விழறாங்க. படி வெட்டணும். கல்லுப் படி. கயித்துக்கு வெளிய இருக்கறவங்க கேக்க முடியாது, அதனால நான் கேக்கறேன்."

மதிலை முதலில் செப்பனிட வேண்டும் என்று ஒருவர் எதிர்த்தார். மிக்கோன் பதில் சொன்னான். அவரும் விடவில்லை. இவனும் விடவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். பதினொரு கை வித்தியாசத்தில் மிக்கோன் தோற்றான்.

வீட்டுக்கு அவன் மூச்சிரைக்க வந்தான், கண் இரண்டும் பளபளவென்று. மெலிட்டா கயிற்றுக்கு வெளியே நின்று எல்லாம் பார்த்துவிட்டு முன்னதாகவே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள்.

"தோத்துட்டு வந்து ஏன்யா இப்படிச் சிரிக்கிற?"

"எண்பத்துநாலு பேர் கை தூக்கினாங்கடி. என் பேச்சைக் கேட்டு. என் சொந்தப் பேச்சு!"

"தூக்குவாங்க. ஆனா மதில்காரருக்கு நீ சொன்ன பதில் சரியில்லை. மதில் வேலைக்கு உடைக்கிற கல்லுலயே படி வெட்டவும் கல்லு மிஞ்சும்னு சொல்லியிருக்கணும்."

மிக்கோன் கையில் எடுத்த அடையைக் கீழே வைத்தான். "அட! இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ என்னைக் கேட்டியா? உக்காரு. அடுத்த அமாவாசைக்குச் சபை. முதல்லேர்ந்து சொல்லு, எப்படி ஆரம்பிப்ப?"

அவன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்பைச் சபையாக நினைத்துப் பேச ஆரம்பித்தான்.